நீ கேட்ட பெட்டரி

என் அருள் அண்ணனுக்கு,

உன் வேன் இப்போது ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகிறது. வேறு எதைச் சொல்வதற்கு முன்னாலும் அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். காலை ஆறு மணிக்குப் புது டிரைவர் சாவியைத் திருப்புவது நம் லயத்து வீடு வரைக்கும் கேட்கிறது. ஒரு திருப்பு, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து அண்ணி தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறார். வாளி நிரம்பி வழிந்தாலும் மூடுவதில்லை. சத்தம் தூரமாகப் போன பிறகுதான் மூடுகிறார்.

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. வருஷப் பூசையில் ஃபாதர் உன் பெயரை வாசித்தபோது மாமா முன்வரிசையில் நின்றார். பூக்கள் வாங்கி வந்தவரும் அவர்தான். கைக்குட்டையால் இரண்டு தடவை கண்ணைத் துடைத்தார். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

இந்தக் கடிதத்தை நான் மடித்து வைக்கப்போவதில்லை, அண்ணே. கொட்டகலை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் நான் இருப்பது தெரியாமல், "அந்த ஸ்கூல் வேன்காரன் அவசரக்காரன், அவன் செத்தது அவன் குத்தம்" என்று பேசினார்களே, அவர்களும் படிக்கட்டும். பதினொரு வருஷம் இந்தத் தேயிலைத் தோட்டத்தின் மூன்று டிவிஷன் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாய். ஒரு பிள்ளையின் விரல்கூடக் கதவில் நசுங்கியதில்லை. அப்படிப்பட்டவனை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அந்த வார்த்தை எழுத்திலும் ஏறிவிட்டது. அதில் என் பங்கும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் உன் வேனில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். முன் சீட்டு டீச்சருக்கு என்று பிள்ளைகளே ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஆகவே அந்தப் பெட்டரி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று யாரிடமும் சொல்ல முடியாது. முதலில், சாவியைத் திருப்பியதும் எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் அடிக்கும் சத்தம் இழுத்தது. அப்போது நீ தலையைச் சாய்த்துக் கேட்டாய்.

"கேட்டியா தங்கச்சி? சோம்பேறி மாதிரி சுத்துது. இதுதான் மொத அடையாளம்."

"குளிரா இருக்கும் அண்ணே."

"குளிரு அத காட்டிக் குடுக்குது. கோளாறு உள்ளுக்குள்ள இருக்கு."

அதன் பிறகு நீ ஒவ்வொன்றாகக் காட்டினாய். சாவியைத் திருப்பும்போது முன் லைட் மங்கிப் படுத்தது. வயர் மாட்டும் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. நீ சுடுதண்ணீர் ஊற்றித் துடைப்பாய், ஒரு வாரத்தில் திரும்பப் பூத்துவிடும். பெட்டரி தண்ணீர் அடிக்கடி குறைந்தது. பெட்டியின் பக்கங்கள் லேசாகப் புடைத்திருந்தன. மூன்று வருஷம் தாண்டினால் கவனிக்க ஆரம்பிக்க வேண்டும், இதற்கு ஐந்தாவது வருஷம் என்றாய். நீ எந்தப் பெட்டரி மாட்டினாலும் அதன் தலையில் மாதத்தையும் வருஷத்தையும் வெள்ளைப் பெயின்டில் எழுதி வைப்பாய். உன் குண்டுக் கையெழுத்தில் எழுதிய ஒரு மார்கழி அதிலும் இருந்தது.

மாமாவிடம் நீ கேட்டாய். எட்டு மாதம் கேட்டாய். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: மாமா என்றால் எங்கள் அம்மாவின் சொந்தத் தம்பி. தோட்டத்து வேலைக்குப் பேர் பதியாமல் சின்ன வயதிலேயே டவுனுக்கு ஓடி, கடையில் மூட்டை தூக்கி, இன்று ஸ்டேஷன் ரோட்டில் சொந்தப் பலசரக்குக் கடையும், நீ ஓட்டியதோடு சேர்த்து இரண்டு வேனும் வைத்திருப்பவர். நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போன அன்று என் இரும்புப் பெட்டியைத் தோளில் வைத்துத் தூக்கிவந்து விட்டவர். அவர் உன்னிடம் சொன்ன பதிலையும் நான் முன் சீட்டில் இருந்தே கேட்டேன்.

"இந்த மலையில எங்க நிறுத்தினாலும் எறக்கந்தானே, அருள்? உருட்டி விட்டா ஓடுது. பொறகு என்னா?"

நீ அதற்குப் பிறகு இறக்கம் பார்த்தே வேனை நிறுத்தினாய். கோயிலடி மேட்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, காலையில் கல்லை எடுத்துவிட்டு ஏறுவாய். பிரேக்கை விட்டதும் வேன் தானாக உருளும். இரண்டாவது கியரில் கிளட்சை விடுவாய். ஒரு குலுக்கலோடு எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பின்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒரு நாளாவது அவர்களை இறங்கித் தள்ளச் சொன்னதில்லை நீ. ஏழாம் வகுப்புப் பையன்கள் தாங்களாக இறங்கியபோதுகூட, "வண்டிக்குப் பின்னால யாரும் நிக்கக் கூடாது, ஏறு உள்ள" என்று அதட்டினாய்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்து வாசலில் என்னை இறக்கிவிட்டு, கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டாய்.

"மாமாகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு தங்கச்சி. நான் கேட்டா டிரைவர் கேக்குற மாதிரி இருக்கு. நீ கேட்டா டீச்சர் கேக்குற மாதிரி இருக்கும்."

"தவணைப் பரீட்ச முடியட்டும் அண்ணே. பேப்பர் திருத்த கெடக்கு."

பரீட்சை வெள்ளிக்கிழமை முடிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் மாமா கடைக்குப் போகவில்லை. என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். துணி துவைத்தேன். தலை குளித்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் கோயிலடி மேட்டில் உன் இடத்தில் தோட்டத்துக் கொழுந்து லொறி பழுதாகி நின்றது. நீ வேனைக் கீழே, சமமான இடத்தில் நிறுத்தினாய்.

செவ்வாய்க்கிழமை மழை. நான் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போதே செல்ஃப் டிக் டிக் என்று மட்டும் சத்தம் கொடுத்தது. நீ இறங்கிக் கதவைத் திறந்து வைத்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, தோளால் தள்ளினாய். சமதரை முடிந்து இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் வேன் வேகம் பிடித்தது. நீ தாவி ஏறப் பார்த்தாய். சேற்றில் கால் வழுக்கியது. அதற்கு மேல் எழுத என்னால் முடியாது, உனக்கும் தேவையில்லை. வேன் ரோட்டோரத் தண்ணீர்க் கானில் மோதி நின்றது. பிள்ளைகள் யாரும் அப்போது ஏறியிருக்கவில்லை. அதைத்தான் நீ கேட்டாய். "புள்ளைங்க?" என்று ஒரு தடவை கேட்டாய். யாரும் இல்லை என்று சொன்னேன். அது உனக்குக் கேட்டதா?

மறுநாள் விசாரணை. வேனை அதற்குள் மாமாவின் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். வாகனப் பரிசோதகர் வந்து சாவியைத் திருப்பினார். ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. பிரேக் சரி, பெட்டரி புதிது என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன். ஒருவேளை போன வாரமே மாமா வாங்கிப் போட்டிருப்பாரோ என்று நினைத்தேன். அப்படி இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் காலையில் அந்த டிக் டிக்கைக் கேட்டவள் நான். ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் திடீர் மரண விசாரணை அதிகாரிக்குத் தமிழ் வராது. சிங்களம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தோட்டத்தில் நன்றாகச் சிங்களம் பேசத் தெரிந்தவள் நான்தானே, அதில் நீ எவ்வளவு பெருமைப்படுவாய்.

"எதற்காக அவர் வாகனத்தைத் தள்ளினார் என்று கேளுங்கள்" என்றார் அதிகாரி.

மாமா என்னைப் பார்த்துச் சொன்னார். "பெட்டரி புதுசு. அவனுக்கு அது ஒரு பழக்கம். அவசரத்துக்கு உருட்டித்தான் ஸ்டார்ட் பண்ணுவான். வேணாமுன்னு நான் எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன்."

அம்மா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து மாமாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவைத் தட்டினார். நான் சொன்னேன், அண்ணே. பெட்டரி புதிது, அது அவருடைய பழக்கம், வேண்டாம் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை விடாமல், இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். அவர் அதைச் சுருக்கி, சாரதியின் கவனக்குறைவு என்று எழுதினார். கீழே மொழிபெயர்த்தவர் என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு ஒன்பது மாதம் நான் பஸ்ஸில்தான் போனேன். பிறகு பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். அதன் பெட்டரி போனபோது ஹட்டனில் மெக்கானிக் குணபால பாஸின் பெட்டரிக் கடைக்குப் போனேன். நீ வழக்கமாகப் போகிற கடை என்று எனக்குத் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்.

"நீங்கள் அருளின் தங்கச்சி, இல்லையா?"

ஆமாம் என்றேன். அவர் ஸ்கூட்டரைத் தொடாமல் உள்ளே போனார். பழைய பெட்டரி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். பக்கங்கள் புடைத்திருந்தன. தலையில் வெள்ளைப் பெயின்டில் உன் கையெழுத்து.

"மூன்று தடவை இதைக் கொண்டுவந்தார். மீட்டர் வைத்துக் காட்டினேன். சும்மா இருக்கும்போது முள் சரியாக நிற்கும், செல்ஃப் அடித்தால் படுத்துவிடும். இதற்குச் சார்ஜ் ஏற்றி பிரயோசனமில்லை, மாற்றத்தான் வேண்டும் என்றேன். அவருக்காகப் புதியது ஒன்றை ஒதுக்கியும் வைத்திருந்தேன்."

"பிறகு?"

"அவர் இறந்த அன்று மத்தியானம் உங்கள் மாமா வந்து அதை வாங்கிக்கொண்டு போனார். மாட்டிவிட்டவன் நான்தான். பழையதைத் தூரப் போடச் சொன்னார். பழைய பெட்டரி எடுக்கிற லொறி எத்தனையோ தடவை வந்தது. இதை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை."

"பாஸ், இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"யாரும் என்னைக் கேட்கவில்லை மகள். நானாகப் போகவும் இல்லை. உங்கள் மாமா எனக்குப் பழைய வாடிக்கைக்காரர்."

அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவராவது பேசாமல்தான் இருந்தார்.

உன் பிணம் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம், அண்ணே. எட்டு மாதம் கேட்டும் வராத பெட்டரி அரை நாளில் வந்துவிட்டது. கடை தூரமில்லை, சாமான் இல்லாமல் இல்லை, வாங்க முடியாமலும் இல்லை. நீ உயிரோடு இருந்தவரைக்கும் அது அவசியமாகப் படவில்லை.

அன்றே மாமாவின் கடைக்குப் போனேன். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். ஆள் போகும்வரை காத்திருந்து கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"மாத்தினேன். அவன் போயிட்டான். வேனையும் பொலிசில புடிச்சு வச்சா யாருக்கு என்னா லாபம்?"

"எட்டு மாசம் ஏன் மாமா தள்ளிப் போட்டீங்க?"

"ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு."

அவ்வளவுதான் பதில். ஓடிக்கொண்டுதானே இருந்தது. நான் அழவில்லை. விசாரணையில் நீங்கள் சொன்னது பொய் என்றேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னார்.

"நான் தமிழ்லதான் சொன்னேன். சிங்களத்துல சொன்னது யாரு?"

அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான். "ஒருத்தன குடுத்துட்டேன். இன்னொருத்தனயும் என் வாயாலயே குடுக்கச் சொல்றியா?" மறுநாள் தன் சேலைகளை ஒரு பையில் கட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். பூசையில் பார்த்தேன். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். உன்னைப் பெற்றவர் உன் பக்கம் நிற்கவில்லை என்று உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. இதை எப்படி மெதுவாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், சாவியைக் கொண்டுபோய் மாமாவின் மேசையில் வைத்துவிட்டு, பெட்டரி மாட்டினால்தான் ஓட்டுவேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா? "மாமா பாவம், அவருக்கும் ஆயிரம் தொல்லை" என்று எனக்கே சமாதானம் சொன்னாயே. யார் பாவம், அண்ணே?

அண்ணி மட்டும் தெளிவாக இருந்தார். "எனக்காக யாரும் ஜெயிலுக்குப் போக வேணாம். அவரு அவசரப்பட்டுச் செத்தாருன்னு எழுதி வச்சிருக்காங்கல்ல, அத மட்டும் அழிச்சிரச் சொல்லுங்க."

பொலிசுக்குப் போனேன். மூன்று தடவை அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். நான்காவது தடவை குணபால பாஸ் தானாகவே வந்தார். ஆட்டோவில் அந்தப் பழைய பெட்டரியை வைத்துக்கொண்டு வந்து, பொலிஸ்காரரின் மேசையில், பில் புத்தகத்தோடு வைத்தார். அமிலம் ஒழுகும் என்று கீழே ஒரு பத்திரிகையையும் விரித்தார். பொலிஸ்காரர் பில்லின் திகதியைப் பார்த்தார், பழைய கோப்பைப் பிரித்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இதில் உங்கள் கையெழுத்து இருக்கிறதே."

"இருக்கிறது."

"இதை மாற்றிச் சொன்னால் நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும்."

"சொல்கிறேன்."

வாக்குமூலத்தை நானே சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன். நான்கு பக்கம். செவ்வாய்க்கிழமை காலையில் செல்ஃப் எப்படிச் சத்தம் போட்டது என்பதிலிருந்து, நான் எதைத் தெரிந்துகொண்டே மொழிபெயர்த்தேன் என்பது வரைக்கும். நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே என்ன ஆகும் என்று தெரியாது. மாமாவுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். என் வேலைக்கு ஏதாவது ஆகலாம். பள்ளிக்கூடத்தில் அதிபர் இப்போதே என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றுகிறார்.

உன் மகள் அனிஷாவிடம் போன மாதம் எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணி தயங்கினார். பஸ்ஸில் போகிற பிள்ளை, அவள் காதிலும் அந்தப் பேச்சு விழத்தான் செய்கிறது. என் பங்கையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அழவில்லை.

"அன்னைக்கே ஏன் அத்த சொல்லல?"

"பயந்துட்டேன்."

"யாருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். பெயர் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த அறையில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள், நான் ஒருத்தி கூட்டத்தைக் கலைக்க விரும்பவில்லை. அதை ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், கொப்பியும் பென்சிலுமாக என் வாசலில் நின்றாள்.

"கவனக்குறைவுன்னு சிங்களத்துல எப்புடி எழுதுறது அத்த? அந்தக் காயிதத்த நானே வாசிச்சுப் பாக்கணும்."

எழுதிக் காட்டினேன். பார்த்து எழுதினாள். ஒரு எழுத்து பிழையாகிவிட்டது, அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். அதிலிருந்து தினமும் வருகிறாள். என்னிடம் இன்னும் சிரிப்பதில்லை. பாடம் முடிந்ததும் கொப்பியை மூடிக்கொண்டு போய்விடுகிறாள். நான் அதைக் கேட்கவும் இல்லை.

அண்ணே, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த மாதம் அவளையும் கூட்டிக்கொண்டு போவேன். அவள் எனக்கு நேர் எதிரே உட்காருவாள். நான் சொல்லும் ஒவ்வொரு சிங்கள வார்த்தையும் அவளுக்குப் புரியும்படி அதற்குள் சொல்லிக்கொடுத்துவிடுவேன். ஒரு வார்த்தை நான் தப்பாகச் சொன்னாலும் அவள் எழுந்து நிற்க வேண்டும்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி ஸ்டெல்லா